ஒலிப்பண்பும் இசையாக்கமும்: ஒலிப்பதிவின் வழிவந்த புத்திசை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மேனாட்டு இசையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சுருதியினதும் தாளத்தினதும் வரலாற்றையே எழுதினர். எந்தச் சுரத்துடன் எந்தச் சுரம் இயையும், எந்த இயைபு எக்காலத்திலே விலக்கப்பட்டு எக்காலத்திலே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் பிரதான வினாக்களாயின. இதற்குத் தக்க காரணம் உண்டு. ஐந்து கோடுகளைக் கொண்ட மேனாட்டுச் சுரக்குறியீட்டு முறை சுருதியையும் கால அளவையும் துல்லியமாகக் காட்ட வல்லது. உரப்பினை ஓரளவு காட்ட வல்லது. ஒலியின் பண்பைக் காட்டுவதற்கோ அதனிடத்து வழி இல்லை. வயலின் என்றோ குழல் என்றோ ஓரத்தில் எழுதிவைப்பதுடன் இசையாக்குநரின் கடமை முடிந்தது. எஞ்சியது கருவியைச் செய்த கம்மியனையும் அதனை இசைத்த கலைஞனையும் சார்ந்ததாயிற்று. எழுத இயலாதது ஆக்கத்தின் பொருளாகவும் கருதப்படவில்லை.

ஒலிப்பண்பு என்பது யாது? ஒரே சுருதியில், ஒரே உரப்பில் வீணையும் நாதசுரமும் ஒலிக்கும்போது இது வீணை, இது நாதசுரம் எனச் செவி பிரித்தறிவது எதனாலோ அதுவே ஒலிப்பண்பு. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா எனப்படும் நூலிழையை இட்டுச் சற்றே நகர்த்தும்போது சுருதி மாறுவதில்லை. ஆயினும் ஒலி உயிர்பெற்று எழுகின்றது. அங்கு மாறியது பண்பே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வானொலி நிலையங்களிற் பணியாற்றிய சிலர் இப்பண்பினையே இசையாக்கத்தின் முதற்பொருளாக்க முனைந்தனர். அம்முயற்சி எவ்வாறு தோன்றியது, எங்கே தடைப்பட்டது, எதனைச் சாதித்தது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். புதிய பொறிகள் வந்தமையாற் புதிய இசை பிறந்தது எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால், நிகழ்ச்சிகளின் வரன்முறையை நோக்குமிடத்து அக்கூற்று நிலைபெறுமாறில்லை. பொறிகள் முன்னரே இருந்தன. கேட்கும் முறை மாறிய பின்னரே அவை இசையாக்கத்துக்குப் பயன்பட்டன.

ஒலிப்பண்பு பற்றிய அறிவியல் விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. ஜேர்மானிய அறிஞரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1863இல் வெளியிட்ட தமது நூலிலே, இசையொலி ஒவ்வொன்றும் ஓர் அடிப்படைத் தொனியையும் அதன்மேல் எழும் மேற்றொனிகளையும் கொண்டதென்றும், அம்மேற்றொனிகளின் வலிமை வேறுபாடே பண்பு வேறுபாடாகச் செவியிற் படுகின்றதென்றும் நிறுவினார். இசையாக்குநர்களும் பண்பின்பாற் கவனஞ் செலுத்தத் தொடங்கினர். ஷோன்பேர்க் 1909இல் ஆக்கிய வாத்தியக்குழு உருப்படிகளுள் ஒன்றிலே இயைபு மிக மெதுவாக நகர, வாத்தியங்களின் வண்ணமே ஓயாது மாறிக்கொண்டிருக்கும். சுருதி வேறுபாட்டால் மெட்டு அமைவதுபோலப் பண்பு வேறுபாட்டாலும் மெட்டு அமையலாம் என்ற கருத்தை 1911இல் வெளிவந்த தமது இயைபியல் நூலிலே அவர் முன்வைத்தார். இத்தாலியரான லூயிஜி ருசோலோ 1913இல், ஆலைகளும் தெருக்களும் எழுப்பும் ஓசைகளும் இசைக்கு உரியனவே எனப் பிரகடனஞ் செய்து, அவற்றை எழுப்புதற்கெனப் பெட்டிவடிவான கருவிகளையும் செய்தார். ஆயினும் ஓடிமறையும் ஓர் ஒலியைப் பற்றிப்பிடித்துத் திருப்பித் திருப்பிக் கேட்டு ஆராயும் வாய்ப்பு இவர்களது ஆக்கமுறையில் இடம்பெறவில்லை.

அவ்வாய்ப்பினைத் தரக்கூடிய பொறியோ ஏலவே உலகில் இருந்தது. எடிசன் ஒலிவரைவியை அமைத்தது 1877இலாகும். அப்பொறி எழுபது ஆண்டுகளாகப் பாடகரின் குரலையும் வாத்தியக்காரரின் வாசிப்பையும் பேணிவைக்கும் பேழையாகவே கருதப்பட்டது. பதிவு சிறந்தது எனப் பாராட்டப்பட்டதெல்லாம், பதிவு என்ற உணர்வையே அது மறக்கச் செய்தபோதுதான். விதிவிலக்குகள் சில இருந்தன. திரைப்பட நெறியாளரான வால்ரர் றுற்மன் 1930இல், படச்சுருளின் ஒலித்தடத்திலே பேர்லின் நகரின் வாரவிடுமுறை ஓசைகளைப் பதிந்து, வெட்டித் தொகுத்துப் படமில்லாத படமொன்றை ஆக்கினார். அமெரிக்கரான ஜோன் கேஜ் 1939இல், சோதனைத் தொனிகள் பதிந்த இசைத்தட்டுகளை வேகம் மாற்றிச் சுழலவிட்டு அவற்றையும் வாத்தியங்களாகக் கையாண்டார். ஆயினும் இவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. தொடர்ந்த ஆக்கநெறியொன்றாக வளரவில்லை.

இவ்விடத்து ஐரோப்பாவுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு முயற்சியை எடுத்துக்கூறுதல் அவசியமாகும். எகிப்தியரான ஹலீம் எல்-டாப் 1944இல், கெய்ரோவிலே வானொலி நிலையமொன்றிலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல்பெற்று, ஸார் எனப்படும் சடங்கின் ஒலிகளைப் பதிந்தார். ஸார் என்பது ஆவியாற் பீடிக்கப்பட்டோரை ஆற்றுதற்கெனப் பெண்கள் பாடியும் முழக்கியும் நிகழ்த்தும் சடங்கு. பதிவைச் சடங்கின் சான்றாகப் பேணிவைப்பதுடன் அவர் நின்றுவிடவில்லை. நிலையத்தின் எதிரொலி அறைகளிலே அதனை ஒலிக்கவிட்டு, அடிப்படைத் தொனிகளை ஒடுக்கி மேற்றொனிகளை மேலெழச் செய்து, சொற்களும் முழவுகளும் மறைந்து ஒலியின் உள்ளுருவம் மட்டும் எஞ்சுமாறு ஓர் ஆக்கத்தைப் படைத்தார். அவ்வாக்கத்தின் சிறு பகுதியொன்று இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. இவ்விசைக்குப் பாரிசே பிறப்பிடம் என்று நெடுங்காலம் எழுதப்பட்ட வரலாறுகள் இம்முயற்சியை அறியாமல் எழுதப்பட்டவை. கெய்ரோவில் ஒருவர் தனியே செய்தது அங்கு ஒரு நிறுவனமாகவோ பள்ளியாகவோ வளரவில்லை. பாரிசில் அது வளர்ந்தது. முதன்மை என்பதும் தாக்கம் என்பதும் வெவ்வேறானவை என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பாரிசில் அதனை வளர்த்தவர் பியேர் ஷேபர். 1910இற் பிறந்த இவர் தொழிலாற் பொறியியலாளர். இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவரல்லர். பிரெஞ்சு வானொலியிலே பணியாற்றிய அவர், யுத்தகாலத்திலே அங்கு அமைக்கப்பட்ட பரிசோதனைக் கலையகத்துக்குத் தலைமை தாங்கினார். 1948இல் பாரிசின் பற்றினியோல் நிலையத்துக்கு ஒலிப்பதிவு வண்டியுடன் சென்று புகையிரத இயந்திரங்களின் ஓசையைப் பதிந்தார். அப்பொழுது அவருக்கு எதிர்ப்பட்ட இடர்ப்பாடு முக்கியமானது. பதிவைக் கேட்போர் ஒலியைக் கேட்டாரல்லர், புகையிரதத்தையே கேட்டனர். புறப்பாடு, வேகம், தூரம் என ஒரு கதை அவர்தம் மனத்தே விரிந்தது. அக்கதையினின்று ஒலியை விடுவிப்பது எங்ஙனம்?

இதற்கான வழி இரு தற்செயல்களிலிருந்து பிறந்தது எனலாம். அக்காலத்தில் பதிவு இசைத்தட்டிலேயே வெட்டப்பட்டது. தட்டின் சுருள்வடிவான தவாளிப்பு தன்னைத்தானே சந்தித்து மூடிக்கொள்ளுமாயின் ஊசி அதே வட்டத்திற் சுழன்று, அதே ஒலித்துண்டை ஓயாமல் எழுப்பும். பழுதான தட்டின் குறையென எண்ணத்தக்க இதனையே ஷேபர் ஒரு சாதனமாக்கினார். ஒரு துண்டு பத்து முறை, இருபது முறை ஒலித்தபின் அது எதனின் ஓசை என்ற வினா தேய்ந்துபோகின்றது. அதன் கரடும் வழவழப்பும், எழுச்சியும் வீழ்ச்சியும் மட்டுமே செவியில் நிற்கின்றன. மற்றையது மணியோசை. மணியை அடித்தபின், அடிபட்ட கணத்தை விலக்கி எஞ்சிய அதிர்வை மட்டும் பதிந்து கேட்டபோது அது மணியாகவே ஒலிக்கவில்லை; குழல்வகைக் கருவியொன்றின் நாதம்போல ஒலித்தது. மேற்றொனிகளின் விகிதம் மட்டுமே பண்பன்று, ஒலி தொடங்கும் முறையும் அது காலத்தில் மாறும் முறையும் பண்பின் பகுதிகளே என்பதை ஆய்வுகூடக் கருவியேதுமின்றிச் செவி இங்கு கண்டறிந்தது.

இவ்வகையில் உருவான ஐந்து சிற்றாக்கங்கள் 1948 ஒக்டோபர் 5ஆந் திகதி பாரிஸ் வானொலியில் ஒலிபரப்பாயின. ஷேபர் இவ்விசைக்குப் பருப்பொருள் இசை எனப் பொருள்படும் பெயரை இட்டார். மரபுவழி இசையாக்குநர் மனத்திலே எண்ணிக் குறியீட்டில் எழுதிப் பின்னரே ஒலியைக் கேட்கின்றார். இவ்விசையிலோ ஒலி முதலில் கையில் இருக்கின்றது, கேட்டுக் கேட்டே அமைப்பு உருவாகின்றது. பெயரின் கருத்து இதுவே. இளம் இசைக்கலைஞரான பியேர் ஹென்றி அவருடன் இணைந்தார். இருவரும் ஆக்கிய 'தனியொரு மனிதனுக்கான சிம்பொனி' 1950 மார்ச்சிலே பாரிசில் அரங்கேறியது. மேடையில் வாத்தியக்காரர் இல்லை. தட்டுகளும் ஒலிபெருக்கிகளுமே இருந்தன. 1951இல் காந்த நாடா வந்ததும் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் இசையாக்குநரின் எழுதுகோலாயின. ஒலியை வெட்டலாம், தலைகீழாக ஓடவிடலாம், வேகத்தைக் குறைத்து ஆழப்படுத்தலாம். 1953இல் ஜேர்மனியின் டொனவேஷிங்கன் இசைவிழாவிலே இவர்களது 'ஓர்பே 53' கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இஃது இசையன்று என்பதே எதிர்ப்பின் சாரம்.

இதே காலத்தில் ஜேர்மனியின் கொலோன் நகர வானொலியிலே மற்றொரு நெறி உருவாகிக்கொண்டிருந்தது. ஹேர்பேட் ஐமேற், றொபேட் பையர், ஒலியியல் அறிஞரான வேர்ணர் மையர்-எப்லர் ஆகியோரின் முயற்சியாற் கலையகம் அமைப்பதற்கான தீர்மானம் 1951இல் எடுக்கப்பட்டது. பாரிசாரின் முறை இவர்களுக்கு உவப்பாயில்லை. உலகிற் கிடக்கும் ஓசைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது ஒட்டுவேலை. அவ்வோசைகளின் உட்கூறுகள் இசையாக்குநரின் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை என்பது இவர்தம் வாதம். ஹெல்ம்ஹோல்ற்சின் கொள்கைப்படி ஒலியாவும் தனித்தொனிகளின் சேர்க்கையாயின், மேற்றொனியேதுமற்ற தனித்தொனிகளை மின்னலையாக்கியாற் பிறப்பித்து வேண்டிய விகிதத்திற் சேர்த்தால் வேண்டிய பண்பை ஆக்கிவிடலாமன்றோ? சுருதியையும் காலத்தையும் ஆளும் அதே எண்ணொழுங்கு பண்பையும் ஆளும். இத்தகைய ஆட்சியே இலத்திரனியல் இசையின் இலட்சியமாயிற்று.

இவ்விலட்சியத்தை இறுதிவரை கொண்டுசென்று பரிசோதித்தவர் கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹவுசன் ஆவார். அவர் 1952இல் பாரிசிலே ஷேபரின் கலையகத்திற் சிலகாலம் பணியாற்றிப் பதிவொலிகளைக் கொண்டு சிற்றாக்கமொன்றைச் செய்துவிட்டே கொலோனுக்கு வந்தார் என்பது மனங்கொளத்தக்கது. 1953இல் தனித்தொனிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முதலாவது ஆய்வாக்கத்தைப் படைத்தார். விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. சேர்த்த தொனிகள் ஒன்றிக் கலந்து புதியதொரு நாதமாகாது, தனித்தனியே கேட்கும் சுரக்கூட்டமாகவே நின்றன. 1954இற் செய்த இரண்டாவது ஆய்வாக்கத்திலே வழக்கமான சுரவரிசையைக் கைவிட்டு, செக்கனுக்கு 100 அதிர்வுகளிலிருந்து சம விகிதத்தில் ஏறும் 81 மீடிறன்களை வகுத்தார். ஐந்து ஐந்து தொனிகளாகச் சேர்த்து, அவற்றை எதிரொலி அறையில் ஒலிக்கவிட்டு, அறை திருப்பித்தந்த முழக்கத்தையே மீளப் பதிந்தார். தொனிகளைக் கலக்கவைத்தது அவ்வறையின் முழக்கமே. எண் தனித்துச் செய்ய இயலாததைச் சுவர்களும் காற்றும் செய்துகொடுத்தன எனலாம்.

இத்தோல்வியின் காரணம் என்ன? இயற்கையான நாதத்தின் மேற்றொனிகள் யாவும் ஒரேயடியாகத் தொடங்கி, ஒரேயளவில் நின்று, ஒரேயடியாக முடிவனவல்ல. அவை கணந்தோறும் ஏறியும் இறங்கியும் பிறழ்ந்தும் செல்வன. அப்பிறழ்ச்சியையே செவி உயிர்ப்பென உணர்கின்றது. ஐம்பதுகளின் பொறிகளைக் கொண்டு, நாடாவை அங்குலக் கணக்கில் வெட்டி ஒட்டி, அத்தகைய அசைவை ஒவ்வொரு தொனிக்கும் கொடுப்பது மனித ஆற்றலுக்கு எட்டாத வேலையாக இருந்தது.

1956 மே 30ஆந் திகதி கொலோனில் அரங்கேறிய ஸ்ரொக்ஹவுசனின் 'இளைஞரின் கீதம்' இவ்விக்கட்டிலிருந்து பிறந்த ஆக்கமாகும். விவிலியத்தின் தானியேல் ஆகமத்திலே தீச்சூளையில் இடப்பட்ட மூன்று இளைஞர் இறைவனைப் போற்றும் பகுதி இதற்குப் பொருள். சிறுவன் ஒருவனின் குரலைப் பதிந்து, மின்னொலிகளுடன் ஒரே வரிசையில் வைத்தார் அவர். உயிரெழுத்து இசைத்தொனியை நெருங்குகின்றது. ஸகரம் போன்ற மெய்யொலி இரைச்சலை நெருங்குகின்றது. தனித்தொனி முதல் இரைச்சல் வரை நீளும் அவ்வரிசையிலே மனிதக்குரல் எங்கும் தங்கிச் செல்லலாம். சொல் சிலவிடத்துத் தெளிவாக விளங்கும்; சிலவிடத்து ஒலியாகக் கரையும். விளங்குந் தன்மையே படிப்படியாக வகுக்கப்பட்ட ஓர் இசைக்கூறாயிற்று. ஒலிபெருக்கிகள் அவையோரைச் சூழ வைக்கப்பட்டன. பாரிசின் பதிவொலியும் கொலோனின் ஆக்கவொலியும் இங்கு ஒன்றாயின. இரு பள்ளிகளும் தம்முட் பகைத்திருந்தமை கொள்கையளவில் உண்மையே. ஆயினும் அப்பகையைத் தீர்த்தது கொள்கையன்று. வெறுந்தொனிகளாற் செவி நிறைவடையவில்லை என்ற நேர்மையான கேள்வியறிவே.

செவி உணர்ந்ததை அளந்துகாட்டும் காலம் அறுபதுகளில் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே மக்ஸ் மத்தியூஸ் 1957இற் கணினியைக்கொண்டு இசையொலியைப் பிறப்பித்திருந்தார். பிரெஞ்சுக்காரரான ஜோன்-குளோட் றிசே 1964இல் அங்கு சென்று எக்காளத்தின் நாதத்தை ஆராய்ந்தார். நிலையான மேற்றொனி விகிதத்தைக் கொண்டு கணினியில் ஆக்கிய ஒலி எக்காளமாகக் கேட்கவில்லை. உரப்பு ஏறும்போது உயர்ந்த மேற்றொனிகளின் பங்கும் ஏறுகின்றது என்ற தொடர்பைச் சேர்த்தபோதே அந்நாதம் உயிர்பெற்றது. ஷேபர் 1948இல் மணியின் தொடக்கத்தை வெட்டியபோது கேட்ட உண்மைக்கு இவ்வகையில் எண்வடிவான விளக்கம் கிடைத்தது. ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்து ஜோன் சௌனிங், ஓர் அலையின் மீடிறனை மற்றோர் அலையால் விரைந்து அசைப்பதன் மூலம் மாறிச்செல்லும் மேற்றொனிகளை எளிதிற் பிறப்பிக்கும் முறையை 1967இற் கண்டு, 1973இல் ஆய்வுரையாக வெளியிட்டார். யமஹா நிறுவனத்தின் டி.எக்ஸ். 7 என்னும் விசைப்பலகைக் கருவி 1983இல் அம்முறையை உலகெங்கும் திரையிசைக்கும் மெல்லிசைக்கும் கொண்டுசென்றது.

இவ்வரலாற்றின் சமூகப் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பாரிஸ், கொலோன், 1955இல் மிலான், 1958இல் இலண்டன் என இவ்விசை வளர்ந்த இடங்கள் யாவும் பொதுத்துறை வானொலிக் கலையகங்களே. அக்கால ஒலிப்பதிவுக் கருவிகளை வாங்கும் வலிமை தனியொரு கலைஞனுக்கு இருக்கவில்லை. உற்பத்திச் சாதனம் நிறுவனத்தின் கையில் இருந்தமையால் ஆக்கத்தின் உரிமையும் நிறுவனத்தின் வழிப்பட்டது. இலண்டனிலே பி.பி.சி.யின் வானொலி ஒலியாக்கப் பட்டறை உருவாவதற்கு இடைவிடாது வாதாடியவர் டப்னி ஓரம் என்ற பெண்மணி. அங்கு நாடகங்களுக்கு ஓசை வழங்குவதே பணியாக விதிக்கப்பட்டது. ஓரம் மறுவருடமே விலகித் தமது சொந்தக் கலையகத்தை அமைத்தார். அதே பட்டறையில் 1963இல் டீலியா டாபிஷயர், 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஆக்கினார். றொன் கிறைனர் எழுதிக்கொடுத்த மெட்டை, மீட்டிய தந்தியொன்றின் பதிவையும் மின்னலையாக்கியின் தொனிகளையும் கொண்டு, ஒவ்வொரு சுரமாக நாடாவில் வெட்டி ஒட்டி அவர் உருவாக்கினார். உரிமையிற் பங்கு டாபிஷயருக்கும் சேரவேண்டும் எனக் கிறைனர் விரும்பினார். நிறுவன விதி இடந்தரவில்லை. திரையில் அவர் பெயர் அவ்விசைக்கெனப் பொறிக்கப்பட்டது 2013இலாகும். அவர் 2001இலேயே காலமாகிவிட்டார்.

இது தனியொருவருக்கு நேர்ந்த அநீதி மட்டுமன்று. மெட்டை எழுதியவரே இசையாக்குநர், அதற்கு நாதம் கொடுத்தவர் உதவியாளர் என்ற சட்டத்தின் கணிப்பு, சுருதியே இசை, பண்பு அதன் மேற்பூச்சு என்ற பழைய கருத்தின் வழிவந்ததேயாகும். அம்முகப்பிசையை மக்கள் நினைவிற் பதித்தது பெருமளவு அதன் நாதமே என்பதை அதனைக் கேட்டவர் மறுக்கமாட்டார். கலையிலே இடம்பெற்றுவிட்ட மாற்றத்தைச் சட்டம் அரை நூற்றாண்டு பிந்தியும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இறுதியாக ஷேபரின் தீர்ப்பை நோக்குவோம். 1966இல் வெளிவந்த பெருநூலிலே, ஒலிகளை அவை பிறந்த மூலத்தைக் கருதாது செவிப்புலன் கொண்டே வகைப்படுத்த அவர் முயன்றார். சுரங்களுக்கு ஒரு பயிற்சிமுறை இருப்பதுபோல எல்லா ஒலிகளுக்கும் ஒரு பொது இலக்கணம் அமைப்பதே அவரது அவா. அது நிறைவேறவில்லை. 1986இல் அளித்த செவ்வியொன்றிலே, மரபான சுரங்களுக்கு அப்பால் இசைக்கு இடமில்லை என்ற முடிவுக்குத் தாம் வந்ததாகவும், தமது வாழ்நாள் முயற்சி வீணாயிற்று என்றும் பொருள்பட அவர் கூறினார். தோற்றுவித்தவரே கைவிட்ட இத்துறையை நாம் எங்ஙனம் மதிப்பிடுவது?

ஷேபர் எதிர்பார்த்த பொது இலக்கணம் உருவாகாமை உண்மையே. சுரவரிசை பல தலைமுறைகளின் கூட்டுவழக்கால் உருவானது. ஒருவர் நூலெழுதி அதற்கு ஈடு செய்துவிட இயலாது. ஆனால், அவர் தேடியது இலக்கணம். அவர் விட்டுச்சென்றது கேட்கும் பழக்கம். ஓர் ஒலியை அது எதனுடையது என்று வினவாது, எத்தகையது என்று வினவிக் கேட்கும் பழக்கமது. ஹெல்ம்ஹோல்ற்சின் கொள்கையிலிருந்த குறையை முதலில் உணர்த்தியதும், கொலோனின் எண்ணொழுங்கை மனிதக்குரலின்பால் திருப்பியதும், கணினியின் உயிரற்ற நாதத்தை ஏற்க மறுத்து மேலும் ஆராயத் தூண்டியதும் அப்பழக்கமே. இன்று ஒலியை வெட்டவும் நீட்டவும் கலக்கவும் வல்ல சாதனம் மாணவர் ஒவ்வொருவரின் கையடக்கத்திலும் உண்டு. நிறுவனத்தின் தனியுரிமை நீங்கிவிட்டது. எனினும், எடிசனின் பொறி எழுபது ஆண்டுகள் வெறும் பேழையாகக் கிடந்த வரலாறு நமக்கொரு பாடமாகும். சாதனம் பெருகியதால் மட்டும் ஆக்கம் பெருகிவிடாது. கையிலுள்ள ஒலியைப் பொறுமையுடன் கேட்கக் கற்றவரிடமே அது தொடங்கும்.